கிட்னி ஆராய்ச்சியில் எல்லா ஆய்வகங்களும் ஏன் அதே நாய்ச் செல், அதே எலி என்று இருக்கின்றன? மனிதனுக்கு அது பொருந்துமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முழுசாகப் பொருந்தாது. அது தெரிந்தேதான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். மலேசியாவில், பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

நம் இரண்டு சிறுநீரகங்களும் நாளுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விட்டுவிட்டு மீதியை இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. இந்த முழு வேலையையும் தட்டில் வளர்க்க முடியாது. அதனால் ஆளுக்கொரு துண்டை எடுத்துப் படிக்கிறோம். பினாங்கில் கிடைத்த முடிவை ஜெர்மனியில் ஒருவர் சரிபார்க்க வேண்டுமானால் இருவரிடமும் ஒரே சரக்கு இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஒரே படி இருந்தால்தானே யார் அளந்தது சரி என்று பேச முடியும்?

நீங்கள் கேட்ட நாய்ச் செல்லின் பெயர் எம்டிசிகே. மேடின், டார்பி என்ற இருவர் 1958இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. அந்த நாயின் செல்கள் இன்றும் உலகம் முழுக்க வளர்கின்றன. தட்டு நிறைய வளர்ந்ததும் அவை மேலே இருக்கும் உப்பை உறிஞ்சிக் கீழே தள்ளும், நீரும் பின்னாலேயே போகும். அடியில் நீர் தேங்கி, செல் படலம் அங்கங்கே குமிழாக எழும்பும். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அது. ஆனால் இதிலும் இரண்டு வகை உண்டு. முதல் வகை இறுக்கமானது. இரண்டாம் வகையில் கிளாடின்-2 என்ற புரதம் இருப்பதால் செல்களுக்கு இடையே உப்பு கசியும். வகையைக் குறிப்பிடாமல் வெறும் 'எம்டிசிகே' என்று எழுதும் கட்டுரையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அடுத்து எச்கே-2. இது மனிதச் சிறுநீரகச் செல்தான், அதனால் பலருக்கு இதன்மேல் கூடுதல் நம்பிக்கை. இங்கே மாணவர்கள் மிசாய் கூச்சிங் (பூனை மீசை மூலிகை) மாதிரி ஏதாவது ஓர் இலைச் சாற்றோடு வருவார்கள். எச்கே-2மேல் ஊற்றுவார்கள். செல் சாகவில்லை என்றால் 'சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது' என்று எழுதத் துடிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்பேன். இரத்தத்திலிருந்து பல மருந்துகளைச் சிறுநீரகச் செல்லுக்குள் இழுத்துவிடும் ஓஏடி1, ஓஏடி3 என்ற வாயில்கள் எச்கே-2இல் கிட்டத்தட்ட இல்லை. எச்ஐவிக்குக் கொடுக்கும் டெனோஃபோவிர் மாதிரி அந்த வழியாக உள்ளே போய்ச் சேதம் செய்யும் மருந்தைக்கூட இந்தச் செல் நல்ல பிள்ளையாகக் காட்டிவிடலாம். தட்டில் ஈரலும் கிடையாது. நாம் குடிக்கும் சாறு ஈரலைத் தாண்டி என்னவாக மாறிச் சிறுநீரகத்துக்கு வருகிறது என்பதும் அங்கே தெரியாது.

ஸ்டெம் செல்லிலிருந்து (பல வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) வளர்க்கும் குட்டிச் சிறுநீரகங்கள் 2015 வாக்கில் பெரிய செய்தியாயின. பரம்பரை நோய்களைப் படிக்க அருமையானவை. ஆனால் வளர்ச்சியில் அவை கருவில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகம் அளவில்தான், உள்ளே இரத்த ஓட்டமும் இல்லை.

சரி, எலி. அட்ரியாமைசின் என்ற புற்றுநோய் மருந்தை பால்ப்-சி இனத்து எலிக்குப் போட்டால் சிறுநீரில் புரதம் கொட்டும். அதையே சி57 பிளாக்-6 எலிக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 'எலியில் நிரூபித்தோம்' என்று செய்தி வந்தால் எந்த எலி என்று நான் கேட்பது இதனால்தான்.

மலேசியாவில் டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இனிப்பு நீரால் (நீரிழிவால்) கிட்னி கெட்டவர்கள். என் அத்தையும் அப்படித்தான். வாரம் மூன்று நாள் பட்டர்வொர்த்தில் மெஷினில் இருக்கிறார். "எலிக்கெல்லாம் சரியாகுதாமே, எனக்கு எப்படா?" என்று விடாமல் கேட்பார். சிக்கல் என்னவென்றால், சாதாரணமாக எலிக்கு இனிப்பு நீர் வந்தாலும் சிறுநீரகம் மனிதனுக்குக் கெடுகிற அளவுக்குக் கெடாது. 2010இல் பிடிபிஆர் என்ற இனத்தில் பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் சுரக்காததால் இனிப்பு நீர் வந்த எலிகளை ஆராய்ந்தபோதுதான் மனித நோய்க்கு ஓரளவு நெருங்கிய சேதம் தெரிந்தது. அப்புறம் அதே எலிகளுக்கு லெப்டின் கொடுத்தார்கள்; கெட்டிருந்த வடிகட்டிகள் பெருமளவு தேறின. இந்தச் சேதத்தையும் திருப்ப முடியும் என்பது அதில் கிடைத்த பெரிய விஷயம், அதற்கான வேறு வழியைத்தான் இப்போது தேடுகிறார்கள். அத்தைக்கு லெப்டின் குறைவு இல்லை. எலிக்குக் கொடுத்த மருந்தை அப்படியே அவருக்குக் கொடுத்துப் பயனில்லை.