அஞ்சலிச் சுவரொட்டியில் படித்த பெயர்

கேள்வி: இறந்துபோன அக்காவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டிச் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, அக்காவின் பெயரிலேயே வாழும் ஒரு பெண்ணைப் பற்றிய நாவலைப் படித்தேன். அந்தப் பெண் இரவில் தன் சொந்தப் பெயரில் ஒரு கதை எழுதுகிறாள். அதில் அக்கா உயிரோடிருக்கிறாள். எது நடந்தது, எது அந்தப் பெண் எழுதியது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. வாசகரை இப்படிக் குழப்பலாமா? இது நாவலாசிரியையின் சொந்தக் கதைதானா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெண்கள் எழுதிய நாவல்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை அங்கேதான் போய் நிற்கின்றன. ரா.கி.ரங்கராஜன் என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததால், இன்னொரு ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். வேணுகோபாலன், புஷ்பா தங்கதுரை ஆனார். அவர்களிடம் போய் 'இது உங்கள் வீட்டுக் கதையா' என்று எவரும் துருவியதாக எனக்கு நினைவில்லை. மதுரையிலிருந்து திருச்சி செல்லும் சாலையிலுள்ள துவரங்குறிச்சியில், வீட்டாருக்குத் தெரியாமல் எழுதுவதற்காகவே ஒரு பெண் சல்மா என்ற பெயரைப் பூண்டார். முன்னவர்களுக்கு வசதியாக இருந்த புனைபெயர் இவருக்கு ஒளிவிடமாக இருந்தது. எழுதியவர் யாரென்று தெரிந்த பிறகு 'சொந்தக் கதைதானே' என்ற கேள்வியும் இவரைப் போன்றவர்களைத்தான் துரத்துகிறது. ஆகவே அதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை.

குழப்பத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். பிறந்த ஊரை வைத்து அவரைச் சோழவந்தானாள் என்றுதான் தெருவே அழைத்தது. வீட்டில் அவர் பெரியவள், பால்காரருக்கு மாடிவீட்டு ஆத்தா. ஒருநாள் காலையில் முனைச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவருடைய படத்துக்குக் கீழே வேறொரு பெயரைக் கண்டு, அச்சகத்தார் படத்தை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். நாற்பது ஆண்டுகள் எதிர்வீட்டில் இருந்த எனக்கு அவருடைய பெயர் அன்றுதான் தெரிந்தது. இதில் குழப்பியது யார்? அந்த மூதாட்டி இல்லை.

நாவலில், சம்பள நாளன்று பதிவேட்டில் அக்காவின் பெயருக்கு நேராகக் கையெழுத்திடும் பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். தலைப்பெழுத்து இருவருக்கும் ஒன்றுதான். தகப்பனாரின் எழுத்தை அவள் தயங்காமல் போட்டுவிடுகிறாள், அதற்கடுத்த எழுத்தில்தான் பேனா நிற்கிறது. அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இந்த நாவல் பிடித்திருக்கிறது. குறை இல்லாமலும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் தம்பிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதவைத்து, அதுவரை சொல்லாமல் விட்டதையெல்லாம் ஆசிரியை விளக்கத் தொடங்குகிறார். உங்களைப் போன்ற வாசகர்களுக்கு அஞ்சித்தான் அதைச் சேர்த்தாரோ என்னவோ. என்னிடம் கேட்டிருந்தால் அந்த ஒன்பது பக்கங்களையும் வெட்டச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்று: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தொடக்கம் முதல் இறுதிவரை 'அந்தப் பெண்' என்றே எழுதியிருக்கிறீர்கள். நாவல் அவளுக்கு இரண்டு பெயர்கள் தந்திருக்கிறது.