கோப்பு சின்னது, எண் பெரியது

கேள்வி: பீன்யாவில் எங்கள் பட்டறை லினக்ஸ் சர்வருக்கு 4 டெராபைட் டிஸ்க் போட்டு, எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மேட் செய்தோம். இப்போது பழைய 32 பிட் கணக்கு மென்பொருள் சில கோப்புகளை மட்டும் திறக்க மறுக்கிறது. 'மதிப்பு மிகப் பெரியது' என்கிறது. கோப்புகளோ 10 கிலோபைட்கூட இல்லை. டிஸ்க் பழுதா?
– வாசகர், பெங்களூரு

பதில்: டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பெரியது கோப்பு அல்ல, அதன் ஐநோட் எண். ஐநோட் என்பது ஒவ்வொரு கோப்பின் விவரங்களையும் டிஸ்க்கில் வைத்திருக்கும் சிறு பதிவு. எக்ஸ்எஃப்எஸ்ஸில் அந்த எண், ஐநோட் டிஸ்க்கில் இருக்கும் இடத்தை வைத்தே அமைகிறது. ஐநோட் ஒன்றுக்கு 512 பைட் என்றால், 2 டெராபைட்டுக்கு அப்பால் உருவாகும் கோப்பின் எண் 32 பிட்டில் அடங்காது. பழைய மென்பொருளோ அந்த எண்ணுக்கு 32 பிட் இடம்தான் வைத்திருக்கிறது. எண்ணை வெட்டிக் கொடுத்தால் இரண்டு வெவ்வேறு கோப்புகள் ஒன்றாகத் தெரியலாம். கணக்கு விஷயத்தில் அது விபரீதம். அதைவிடப் பிழை காட்டி நிறுத்துவதே நேர்மை.

லினக்ஸ் 3.7 முதல் எக்ஸ்எஃப்எஸ்ஸில் 64 பிட் எண்தான் இயல்பு. டிஸ்க்கை 'ஐநோட்32' (inode32) விருப்பத்தோடு மவுண்ட் செய்யுங்கள், அதாவது சிஸ்டத்தோடு இணையுங்கள். இது புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு மட்டுமே உதவும். அதனால் பேக்கப் எடுத்துவிட்டு, பழைய கோப்புகளையும் ஃபோல்டர்களையும் நகலெடுத்து அசலை நீக்குங்கள். அதே டிஸ்க்குக்குள் வெறுமனே இடம் மாற்றினால் எண் மாறாது. அந்த மென்பொருளின் மூலநிரல் கிடைத்தால், 64 பிட் கோப்பு ஆதரவோடு மறுபடி கம்பைல் செய்யச் சொல்லுங்கள். நான் அதைத்தான் விரும்புவேன்.