கார் கழுவும் பே: தரை வாட்டம், கால்வாய், மண் தொட்டி – கேள்வி பதில்

சிங்கப்பூரில் காசு போட்டு, பிரஷர் கன்னைப் பிடித்து, வண்டியைத் தாமே கழுவிக்கொள்ளும் பேக்களின் (ஒரு வண்டி நிற்கும் இடம்தான் பே) தரையும் வடிகாலும், கழுவிய தண்ணீரிலுள்ள மண்ணைப் படியவைக்கும் தொட்டியும் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

துவாஸில் 4 பே போடப்போகிறவர்: அண்ணே, தரைக்கு எவ்வளவு வாட்டம் (சரிவு) வேணும்? காண்ட்ராக்டர் 1:100 போதும்ங்கிறார்.

தண்ணீருக்கு அது போதும், மண்ணுக்குப் போதாது. கட்டுமானத் தளத்துக்குப் போய்வரும் வேன் ஒன்று சக்கர வளைவுக்குள்ளிருந்து கொட்டும் மண்ணைப் பார்த்தால் புரியும். அதைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போக 1:50 வேண்டும். 1:40 இன்னும் நல்லது. மீட்டருக்கு 20 முதல் 25 மி.மீ. இறக்கம். 1:30ஐத் தாண்டவேண்டாம், சோப்பு நுரையில் நடப்பவர் வழுக்கிவிடுவார்.

எந்தப் பக்கம் வாட்டம் என்பதுதான் பெரிய கேள்வி. பேயின் நடுவில் ஒரு குழி வைத்து நான்கு பக்கமும் இறக்குவது பலர் விரும்பும் முறை. ஆனால் நான்கு முக்கோணங்கள் சேரும் மடிப்புகளில் மேஸ்திரி கை கொஞ்சம் தவறினாலும் அங்கே தண்ணீர் நிற்கும். என் தேர்வு, எல்லா பேக்களையும் குறுக்கே வெட்டிப்போகும் ஒரே கால்வாய். முன்பாதி பின்னோக்கி, பின்பாதி முன்னோக்கி என்று இரண்டே தளம். நேர்கட்டை வைத்து இழுத்துவிடலாம். பே 7 மீட்டர் நீளம் என்றால் பக்கத்துக்கு 3.5 மீட்டர், 1:50இல் 70 மி.மீ. இறக்கம்தான்.

கால்வாயின் அடித்தளத்துக்கும் 1:100 வாட்டம் கொடுங்கள். நான்கு பே 18 மீட்டர் அகலம் வரும். ஒரே முனைக்கு இழுத்தால் ஆழம் 180 மி.மீ. கூடும், இரு முனையிலிருந்தும் நடுவுக்கு இழுத்தால் 90 மி.மீ.தான். அகலம் 300 மி.மீ.க்குக் குறையக்கூடாது, மண்வெட்டி உள்ளே போகவேண்டும். 100 மி.மீ. ரெடிமேட் சேனல் பார்க்க அழகு, அள்ளும்போது தெரியும் கஷ்டம்.

உபி பட்டறைக்காரர்: கூரை போடாமல் திறந்த இடத்தில் செய்யலாமா? செலவு மிச்சம்.

முடியாது. இங்கே கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனி. மழைநீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அதில் கார் கழுவிய தண்ணீரை விடக்கூடாது. கழிவுநீர்க் குழாயில் மழையை விடவும் பொதுப் பயனீட்டுக் கழகம் அனுமதிக்காது. கணக்கைப் பாருங்கள்: 18க்கு 7, அதாவது 126 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் விநாடிக்கு 3.5 லிட்டர். நான்கு கன்னும் ஒன்றாக ஓடினாலே 1 லிட்டர்தான். தொட்டியில் படிந்த மண்ணும் எண்ணெயும் ஒரே மழையில் அடித்துக்கொண்டு போகும். கூரையைச் சாரல் உள்ளே வராதபடி நீட்டி, வாசலில் 75 மி.மீ. மேடு போட்டு, அதற்கு வெளியே மழைநீருக்கென்று தனிக் கால்வாய் வையுங்கள். வரைபடத்தை, தகுதிபெற்ற கட்டடக் கலைஞரோ நிபுணத்துவப் பொறியாளரோ சமர்ப்பிக்கவேண்டும்.

காக்கி புக்கிட்டிலிருந்து ஒருவர்: மண் தொட்டி அளவு எப்படிக் கணக்கிடுவது, சார்?

கன் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் என்று வையுங்கள். நான்குக்கு 60. தண்ணீர் தொட்டியில் அரைமணி நேரமாவது தங்கவேண்டும்: 1.8 கன மீட்டர். இதற்கு மேல் மண் சேர இடம் வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். உள்ளளவு 2.4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் 1.2 மீட்டர் என்றால் மொத்தம் 2.88 கன மீட்டர். அடியில் 400 மி.மீ. மண்ணுக்கு விட்டாலும் 1.92 மிஞ்சும்.

இன்னொரு சோதனை: விநாடிக்கு 1 லிட்டரைத் தொட்டியின் மேற்பரப்பான 2.4 சதுர மீட்டரால் வகுத்தால் விநாடிக்கு 0.42 மி.மீ. இதைவிட வேகமாக இறங்கும் துகள் தொட்டியில் தங்கும். 0.03 மி.மீ. மண்துகள் விநாடிக்கு ஏறத்தாழ 0.8 மி.மீ. இறங்கும், அதனால் அது தங்கிவிடும். களிமண் தங்காது, அதை எந்தத் தொட்டியும் சுலபத்தில் பிடிக்காது.

மூன்று அறையாகப் பிரியுங்கள், முதல் அறை பெரியதாக இருக்கட்டும். அறைகளுக்கு நடுவே சுவரில் ஓட்டை போடாதீர்கள். T வடிவக் குழாய் வைத்து, அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 500 மி.மீ. கீழே இருக்கட்டும். மேலே மிதக்கும் எண்ணெயும் அடியில் கிடக்கும் மண்ணும் இரண்டுமே அடுத்த அறைக்குப் போகாது.

அதே நண்பர்: தொட்டி இருந்தும் வெளியேறும் தண்ணீரில் எண்ணெய் தெரிகிறதே?

சோப்பு எண்ணெயைத் துளித்துளியாக உடைத்துவிடுகிறது, அது மிதக்காது. சீக்கிரம் எண்ணெயை விட்டுப் பிரியும் வகை சோப்புக்கு மாறுங்கள். இன்ஜின் கழுவத் தடை போடுங்கள். தொட்டிக்கு முன்னால் பம்ப் இருந்தால் அதுவே கலக்கிவிடும், பின்னால் மாற்றுங்கள். கழிவுநீர்க் குழாய்க்கான வரம்பு: தண்ணீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 400 மி.கி., கனிம எண்ணெய் 60 மி.கி., பிஎச் 6 முதல் 9. கடைசி அறைக்குப் பின் மாதிரி எடுக்க ஒரு குழி விட்டுவைப்பது நல்லது.

சின் மிங்கிலிருந்து: கால்வாய்க்கு மேலே போட்ட இரும்புப் பட்டை மூடி (கிரேட்டிங்) கடகடவென்று சத்தம், ஒன்று வளைந்தும்விட்டது.

பட்டைகளைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். பாரம் தாங்கும் தடித்த பட்டை கால்வாயின் குறுக்கே, கரையிலிருந்து கரைக்குப் போகவேண்டும். நீளவாக்கில் கிடந்தால் தாங்க எதுவும் இல்லை. பாரம் தாங்கும் தரத்தில், கார் மட்டும் வந்தால் பி125 வகை, வேனும் வந்தால் சி250, லாரியும் வந்தால் டி400 எடுங்கள். உட்காரும் இடத்தில் ஆங்கிள் இரும்பைக் கான்கிரீட்டோடு சேர்த்து வார்த்து, போல்ட் போட்டு இறுக்குங்கள்.

உட்லண்ட்ஸ், புதிதாகத் தொடங்குபவர்: வெளிநாட்டு வரைபடத்தில் தரைக்குள் சுடுநீர்க் குழாய் காட்டியிருக்கிறது. தேவையா?

பனி உறையும் ஊருக்கு அது. விட்டுவிடுங்கள், மின்கட்டணமாவது மிஞ்சும்.

அவரே: சரி, தரைக்கு எபாக்ஸி அடிக்கலாமா?

முதலில் கான்கிரீட். சி32/40 வலுத் தரம், 150 மி.மீ. தடிப்பு, 8 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளி வலை, கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 40 மி.மீ. வாட்டத்தை இந்த அடிக் கான்கிரீட்டிலேயே கொடுங்கள். சமதளமாக வார்த்துவிட்டு, மேலே கலவை பூசி வாட்டம் எடுத்தால், பிரஷர் தண்ணீர் விளிம்பில் புகுந்து பூச்சைத் தூக்கிவிடும். கால்வாய் ஓரத்தில் தடிப்பு குறையாமல் பாருங்கள். வழுக்காமலிருக்கத் துடைப்பத்தால் வரி போட்டு, 7 நாள் ஈரமாக வையுங்கள். 4.5 மீட்டருக்குள் ஜாயிண்ட் (வெடிப்பை வழிநடத்தும் கோடு) வெட்டவேண்டும், ஆழம் தடிப்பில் கால்பங்கு. இந்த வெயிலில் மறுநாள்வரை காத்திருந்தால் கான்கிரீட் தன் விருப்பப்படி வெடித்துக்கொள்ளும். தூணையும் கால்வாய்ச் சுவரையும் தரையோடு ஒட்டவிடாமல் இடைவெளி விட்டு சீலன்ட் அடையுங்கள்.

எபாக்ஸி, ஈரம் காயாத தரையில் கொப்புளம் விட்டு உரியும். பூசித்தான் ஆகவேண்டும் என்றால் 6 மி.மீ. பாலியூரித்தேன் கான்கிரீட், மேலே குவார்ட்ஸ் மணல் தூவியது. நனைந்த தரையில் வழுக்கலை அளக்கும் பெண்டுலம் சோதனை அளவு 36க்குக் குறைந்தால் ஏற்காதீர்கள். அமிலம் கலந்த ரிம் கிளீனரை விற்காமல் இருந்தால் வெறும் கான்கிரீட்டே நன்றாக உழைக்கும்.

பொங்கோலில் இருந்து ஒரு அக்கா: தம்பி, எப்போதும் தண்ணீர் நிற்கும் தொட்டியில் கொசு வராதா?

வரும், அக்கா. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்தால் பார்க்கும் இடமும் அதுதான். மூடிக்கு ரப்பர் வளையம் போட்டு இடுக்கில்லாமல் அடைக்கவேண்டும். காற்றுக்குழாய் வாயில் நுண்வலை கட்டுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும், அதனால் வாரம் ஒருமுறை பிடிஐ (கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா) குருணை போடுங்கள். கால்வாயில் மட்டும் தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால் அடித்தள வாட்டம் தவறு. மருந்து போட்டுச் சமாளிக்காமல் உடைத்துச் சரிசெய்யுங்கள்.

துவாஸ் நண்பர் மறுபடியும்: தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளணும்?

நாள்கணக்கு வேண்டாம். குச்சி விட்டு வாரம் ஒருமுறை பாருங்கள், முதல் அறையில் மண் 300 மி.மீ. தொட்டதும் ஆளைக் கூப்பிடுங்கள். உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளர்தான் டேங்கரில் உறிஞ்சி எடுக்கவேண்டும், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியரை உள்ளே இறக்கவே கூடாது. அழுகிய சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அடைபட்ட இடத்தில் ஆளைக் கொல்ல அது போதும். ஒவ்வொரு அறைக்கும் நேர் மேலே தனி மூடி இருந்தால் குழாய் மட்டும் இறங்கினால் போதும், ஆள் இறங்கத் தேவையே வராது. உங்கள் வரைபடத்தில் ஒரே ஒரு மூடி இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள்.