மும்பையில் இருந்துகொண்டு கல், கனிமம் சேகரிக்க முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக முடியும். இந்த விஷயத்தில் மும்பைக்காரர்களுக்கு யோகம்தான். நான் செம்பூரில் இருக்கிறேன். தெருவுக்குத் தெரு பழைய கட்டடத்தை இடித்து டவர் கட்டுகிறார்கள். வாசலில் கொட்டிக் கிடக்கும் ஜல்லிக் குவியலே போதும், தொடங்கிவிடலாம். வாட்ச்மேனிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதிரிதான் பார்ப்பார், பரவாயில்லை.

இங்கே கிடைக்கும் கருங்கல் பெரும்பாலும் பசால்ட். சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன் தக்காணத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து ஆன கல். குழம்பு ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட வாயு, பொந்து பொந்தாக நின்றுவிட்டது. பிற்பாடு கல்லில் ஊறிய வெந்நீர் அந்தப் பொந்துகளில் கனிமங்களைப் படியவைத்தது. இப்படிப் படிந்தவற்றில் ஒரு கனிமக் குடும்பம்தான் ஜியோலைட். அதற்கு மகாராஷ்டிரா உலகப் புகழ் பெற்றது இப்படித்தான்.

அதனால் ஜல்லியில் வெள்ளைத் திட்டோ பச்சைத் தோலோ தெரியும் துண்டுகளைப் பொறுக்குங்கள். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, பத்து மடங்கு லென்ஸில் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முத்துப் போல மினுங்கும் தகடுகள் இருந்தால் ஸ்டில்பைட்டாகவோ ஹியூலண்டைட்டாகவோ இருக்கலாம், இரண்டுமே ஜியோலைட்தான். கத்தியால் சுரண்டிய பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டுக் குமிழி வந்தால் கால்சைட். கண்ணாடியைக் கீறினால் அநேகமாக குவார்ட்ஸ். இந்த ஒரு சொட்டு வினிகரைத் தாண்டி ஆசிட் பக்கமே போகாதீர்கள், ஜியோலைட் பாழாகிவிடும்.

கண்ணைப் பழக்க, ஷீரடி போகும்போது சின்னரில் இறங்கி கார்கோட்டி கனிம அருங்காட்சியகத்தைப் பாருங்கள். புனே பக்கம் வாகோலி குவாரிகளில் கிடைத்த கேவன்சைட் என்ற நீலக் கனிமத்தைப் படத்தில் பார்ப்பது வேறு, நேரில் பார்ப்பது வேறு.

வாங்குவதாக இருந்தால் உஷார். கேவன்சைட்டை வேறு கல்லில் பசை போட்டு ஒட்டி விற்பார்கள். அடிப்பாகத்தை லென்ஸில் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். பஞ்சு உருண்டையாக இருக்கும் ஓகெனைட் இயற்கையில் வெள்ளைதான். ரோஸ், நீலம் என்று மின்னினால் அது சாயம். (வெள்ளையாகவே இருந்தாலும் விரலால் தொடாதீர்கள், இழை நசுங்கிவிடும்.) நோய் தீர்க்கும் கிரிஸ்டல் என்று மூன்று மடங்கு விலை சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

தேசியப் பூங்கா, கன்ஹேரி குகைகள், அந்தேரியின் கில்பர்ட் குன்று, இங்கெல்லாம் பார்ப்பதோடு சரி, எதையும் எடுக்கக் கூடாது. கைவிட்ட குவாரிக்குள் தனியாக இறங்கவும் வேண்டாம், மழைக்காலத்தில் சுத்தமாக வேண்டாம்.

இடம்தான் கவலை என்றால், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகும் கல்லை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முட்டை அட்டையில் ஒரு குழிக்கு ஒன்று வைத்தால் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். எங்கே, எப்போது எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதி உடனே கூடவே வையுங்கள். ஊர் தெரியாத கல்லை நாளைக்கு மாற்றிக்கொள்ளக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.