இரண்டாம் உலகப் போரில் இந்தியக் கடற்படையில் இருந்த தாத்தாவைப் பற்றிப் பழைய செய்தித்தாள்களில் தேடுவது எப்படி?

பெயரைப் போட்டுத் தேட ஆரம்பிக்காதீர்கள். பலரும் சலித்துப்போவது அங்கேதான். சாதாரண மாலுமியின் பெயர் பத்திரிகையில் வருவதென்றால் பதக்கம் கிடைத்திருக்க வேண்டும், இல்லை அடிபட்டோ இறந்தோ இருக்க வேண்டும். தேட வேண்டியது கப்பலின் பெயரும் தேதியும். அவை இரண்டும் வீட்டுப் பெட்டிக்குள்ளிருந்துதான் பெரும்பாலும் கிடைக்கும்.

முதலில், அவர் கடற்படைதானா என்று உறுதி செய்யுங்கள். ‘நேவியில் இருந்தார்’ என்று குடும்பத்தில் சொல்வது ராயல் இந்தியக் கடற்படையாகவும் (அன்றைய இந்தியக் கடற்படையின் பெயர்) இருக்கலாம், சரக்குக் கப்பல் வேலையாகவும் இருக்கலாம், ராணுவத்தின் நீர்வழிப் போக்குவரத்துப் பிரிவாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஆவணங்கள் வேறு வேறு இடங்களில்.

சீருடைப் படம் இருந்தால் உருப்பெருக்கியோடு உட்காருங்கள். தொப்பி நாடாவில் கப்பல் பெயரை எதிர்பார்க்க வேண்டாம். பாதுகாப்புக்காகப் போர்க்காலத்தில் எச்.எம்.ஐ.எஸ். (H.M.I.S., ‘மன்னரின் இந்தியக் கப்பல்’) என்று மட்டுமே போட்டார்கள். கைகளைப் பாருங்கள். இடது கையில் ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங் சீமேன் நிலை, குறுக்கிட்ட இரண்டு நங்கூரம் என்றால் பெட்டி ஆபீசர். வலது கைச் சின்னம் தொழிலைச் சொல்லும்: உந்துவிசிறி என்றால் ஸ்டோக்கர் (எஞ்சின் அறைப் பணியாளர்), குறுக்கே வைத்த கொடிகள் என்றால் சிக்னல்மேன், இறக்கையும் மின்னலும் என்றால் தந்தியாளர். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் உண்டு, அதனால் தொப்பி எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இடம் வலம் முடிவு செய்யுங்கள்.

பதக்கங்கள் கடல் பகுதியைக் காட்டிக்கொடுக்கும். விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தாலி ஸ்டார் என்ற பதக்கம் இருந்தால் முதலில் ஆராய வேண்டிய கப்பல்கள் சட்லெஜும் ஜம்னாவும்; இரண்டும் 1943 ஜூலையில் சிசிலிப் படையெடுப்பில் இருந்தவை. பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஒன்றைத்தான் கொடுத்தார்கள், மற்றதற்கு ரிப்பனில் ஒரு பட்டை மட்டும். ஆகவே ஒன்று இல்லை என்பதாலேயே அந்தக் கடலுக்கு அவர் போகவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இனி செய்தித்தாள். அந்தக் காலச் சுதேசமித்திரன், தினமணி போன்றவற்றைப் பெரும்பாலும் மைக்ரோபிலிமிலோ கட்டுகளிலோ தேதி வாரியாகப் புரட்டித்தான் படிக்க வேண்டும். கன்னிமாரா போன்ற நூலகத்துக்குப் போகுமுன் எந்த ஆண்டு, எந்த மாதம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேதி தெரியாமல் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

பலருக்குத் தோன்றாத வழி வெளிநாட்டு இதழ்கள். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகிய மூன்று இணையத் தொகுப்புகளிலும் சொல் போட்டு இலவசமாகத் தேடலாம். பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப் ஆகிய நான்கு இந்தியக் கடற்படைக் கப்பல்களும் ஆஸ்திரேலியாவில் கட்டப்பட்டவை. 1942 மே 31 இரவு ஜப்பானியக் குறு நீர்மூழ்கிகள் சிட்னித் துறைமுகத்துக்குள் புகுந்தபோது பம்பாய் அங்கேதான் நின்றது. ‘பம்பாய்’ என்று மட்டும் தேடினால் நகரத்துச் செய்திகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். கூடவே கொர்வெட், ஸ்லூப் (இரண்டும் சிறு போர்க்கப்பல் வகைகள்), இந்திய மாலுமிகள் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து, ஆண்டையும் குறுக்குங்கள். எச்.எம்.ஐ.எஸ். என்பதைப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் இரண்டு முறை தேடுங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிப்பதால் நல்ல செய்திகள்கூட விட்டுப்போகும்.

போர்க்காலத் தணிக்கையை மறந்தால் தேடல் வீண். கப்பல் பெயர் இல்லாமல் ‘இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று’ என்றும், ஊர் பெயர் இல்லாமல் ‘கிழக்கில் ஒரு துறைமுகம்’ என்றும் போடுவார்கள். சண்டை நடந்த மறுநாள் இதழோடு நிறுத்தாதீர்கள். 1942 நவம்பர் 11 அன்று பெங்காலும் ஒண்டினா என்ற எண்ணெய்க் கப்பலும் இரண்டு ஜப்பானியக் கப்பல்களோடு மோதின, அவற்றில் ஒன்று மூழ்கியது. இப்படிப்பட்ட நிகழ்வுக்கு அடுத்த சில மாத இதழ்களையும் பார்த்துவிட வேண்டும். பத்திரிகையில் வருவது வெளியிட அனுமதித்த வடிவம்தான். சண்டை அறிக்கைகளை லண்டனில் க்யூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ADM 199 (பிரிட்டிஷ் கடற்படைத் துறை ஆவணங்கள்) தொகுப்பில் தேடி ஒப்பிடுங்கள்.

போரில் இறந்திருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம். பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டு, கடற்படை, இந்தியா, இறந்த தேதி மட்டும் கொடுங்கள். முத்துசாமியை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள், தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கும். அதனால் வரும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். அதிகாரியாக இருந்தவர் என்றால் வேலை சுலபம்: லண்டன் கெஜட் (பிரிட்டிஷ் அரசிதழ்), நேவி லிஸ்ட் (கடற்படை அதிகாரிகள் பட்டியல்) இரண்டையும் முதலில் பாருங்கள்.

வேலையிலிருந்து விலகிய தேதி 1946 பிப்ரவரிக்குப் பிறகு சில மாதங்களுக்குள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பிப்ரவரி 18 அன்றுதான் பம்பாயில் தல்வார் பயிற்சி நிலையத்தில் கடற்படையினரின் வேலைநிறுத்தம் தொடங்கியது; அவர் அதில் ஈடுபட்டு நீக்கப்பட்டவராகவும் இருக்கலாம். போர் முடிந்துவிட்டதால் இதழ்கள் இதை விரிவாகவே எழுதின. போர் முடிந்து ஆள்குறைப்பில் வந்தவர்களும் அதே மாதங்களில்தான் ஊர் திரும்பினார்கள், எனவே தேதியை மட்டும் வைத்து அவரைக் கிளர்ச்சிக்காரர் ஆக்கிவிட வேண்டாம். விடுவிப்புச் சீட்டில் காரணம் என்ன எழுதியிருக்கிறது, கடைசியாக எந்தக் கப்பல் அல்லது நிலையம் என்று பாருங்கள். சீட்டு இல்லை என்றால் பாட்டிக்கு ஓய்வூதியம் வந்ததா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் அந்த ஆணையில் உள்ள எண்ணோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.