கடல் சூடானால் பவளப்பாறை ஏன் வெளுக்கிறது? அதில் மீனவருக்கு என்ன நஷ்டம்?

பவளத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறம் தருகிறது, வெயிலில் சமைத்துச் சோறும் போடுகிறது. தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் அப்படியே நின்றால் போதும், பாசி வெளியேறிவிடும். பிறகு கண்ணில் படுவது உள்ளேயிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு. அப்போதும் பவளம் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும்.

மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இது பெரிய அளவில் நடந்தது. பாறை செத்தால் அதை அண்டி வாழும் களவா, விளமீன் குறையும். விசைப்படகு ஆழ்கடலுக்குப் போய்விடும். கரையோரம் வலை போடும் நாட்டுப்படகுக்காரர் எங்கே போவார்? வெப்பத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடவும் முடியாது. தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பாறையை வெட்டி அள்ளியது நாம்தான்.