தேக்கில் இலைதின்னிப் புழு: கேள்வி பதில்

குலசேகரம்: அண்ணாச்சி, கோடைமழை பெஞ்சு பதினஞ்சு நாள்தான். அஞ்சு வயசுத் தேக்குல நடுநரம்பும் தடிச்ச நரம்பும்தான் மிச்சம். புழு நூலில் தொங்குது. என்ன மருந்து?

பதில்: நூலில் இறங்கும் புழு தின்று முடித்தது, சருகுக்கடியில் கூடு கட்டப் போகிறது. இனி அடிக்கும் மருந்து கூலிக்கும் கேடு.

அடுத்த முறைக்குச் சொல்கிறேன். தாய் அந்துப்பூச்சி தளிரில் ஏறத்தாழ 500 முட்டையைத் தனித்தனியாக இடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து வரும் புழு முதலில் இலையைச் சுரண்டும். பிறகு இலை ஓரத்தை வெட்டி மடித்து, நூலால் ஒட்டி உள்ளே இருக்கும். அந்த மடிப்புதான் அடையாளம். புழு வளர்ச்சியின் கடைசி இரண்டு பருவத்தில்தான் இலை பெரும்பாலும் காலியாகும். எனவே ஏப்ரல் கடைசியில் மழை விழுந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் தளிரைத் திருப்பிப் பாருங்கள். கைக்கெட்டும் கன்றில் மடிப்பை நசுக்கினால் போதும். நிறைய இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் (புழுவைக் கொல்லும் பாக்டீரியா) தூள், லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்தபின், அடி இலையும் நனைய அடியுங்கள். குஞ்சுப்புழுவில்தான் நன்றாகக் கேட்கும்.

அருமனை: மரம் பட்டுப்போகுமா?

பதில்: போகாது. புது இலை விடும்.

தடிக்காரன்கோணம்: பக்கத்து ரப்பருக்கு ஏறுமா?

பதில்: ஏறாது.

திருவட்டாறு: இலை சல்லடை மாதிரி, சின்ன நரம்புகூட அப்படியே இருக்கு. இதுவும் அதுதானா?

பதில்: இல்லை, அது வேறு புழு. பெரும்பாலும் இலை முற்றிய பிறகு வரும். உதிரப்போகும் இலைக்குச் செலவு வேண்டாம்.

கீரிப்பாறை: மரம் செத்துருமோன்னு பயமா இருக்கு.

பதில்: அருமனைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

மார்த்தாண்டம்: குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து அடிச்சா புழு உடனே விழுதே!

பதில்: தேனீயும் விழும். தேனீப்பெட்டி வைத்த ஊரில் அதைத் தொடாதீர்கள்.

மார்த்தாண்டம்: நிலம்பூரில் 44 சதவீத வளர்ச்சி போச்சுன்னு கேரள வன ஆராய்ச்சி நிலையமே சொல்லியிருக்கு. சும்மா இருக்கச் சொல்றீங்களா?

பதில்: கணக்கு சரி, அது இளந்தேக்குக்கு. அந்த நிலையமே இப்புழுவுக்கு நோய் தந்து கொல்லும் என்பிவி என்ற வைரஸை வைத்துத்தான் வழி தேடியது. நோய்ப்பட்ட புழு தலைகீழாகத் தொங்கி, உடல் கூழாகி, தோல் கிழிந்து வடியும். வடிந்த இலையைத் தின்னும் புழுவும் சாகும். அப்படித் தொங்குவதைக் கண்டால் எதையும் அடிக்காதீர்கள். நாற்பதடி மரத்தின் உச்சிக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. நஞ்சு கிணற்றிலும் வாய்க்காலிலும்தான் இறங்கும்.

பேச்சிப்பாறை: மரம் பட்டுப்போகுமா சார்?

பதில்: போகாது என்று இரண்டு முறை சொல்லியாயிற்று.

குலசேகரம்: விளக்குப்பொறி வைக்கலாமா அண்ணாச்சி?

பதில்: பூச்சி வந்ததை அறிய ஒன்று வையுங்கள். வெளியிலிருந்து கூட்டமாக வருவதை அது தடுக்காது. பொறியில் விழுந்த மறுநாளே தளிரைப் பாருங்கள்.